மெயில் அனுப்பியதோடு வேலை முடியவில்லை: திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் புதிதாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கும் ஆளாக, சேர்பவர் முதல் ஆறு மாதத்தில் நன்றாகப் பழகிக்கொள்ளும் வேலை, மெயிலைக் கைமாற்றுவது. பையர் கேட்டதைச் சாயம் போடும் டையிங்குக்குச் சொல்வார். டையிங்கில் சொன்னதைப் பையருக்கு எழுதுவார். நடுவில் சாம்பிள் பிரிவுக்கு இரண்டு போன், ஆக்சசரீஸ் கடைக்கு மூன்று போன். இரவு ஒன்பது மணிக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. உழைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நாலைந்து வருடம் கழித்துப் பார்த்தால், ஒன்றாகச் சேர்ந்த இருவரில் ஒருவரைக் கேட்காமல் முதலாளி எந்த ஆர்டருக்கும் விலை கொடுக்க மாட்டார். இன்னொருவர் அதே மேசையில் உட்கார்ந்து அதே மெயில்களை அனுப்பிக்கொண்டிருப்பார்.

அதிர்ஷ்டம், ஆங்கிலம், முதலாளிக்குச் சொந்தக்காரர் என்று இதற்குப் பல காரணம் சொல்லலாம். சில இடங்களில் அவை உண்மையும்கூட. ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒரு பழக்கம்தான் இருவரையும் பிரிக்கிறது. முன்னேறுகிறவர், தன் கையை விட்டுப் போன வேலை அடுத்த கையில் என்ன ஆகிறது என்று போய்ப் பார்க்கிறார். அங்கே அது யாருக்காவது நேரத்தை மிச்சப்படுத்துகிறதா, துணியைக் காப்பாற்றுகிறதா, ஒரு தப்பைத் தடுக்கிறதா என்று கேட்கிறார். வேலையில் மதிப்பை உருவாக்குவது என்று நான் சொல்வது இதைத்தான். மெர்ச்சண்டைசிங்கை உதாரணமாக எடுத்திருக்கிறேன். கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், ஐடி என்று எதில் இருந்தாலும் பெயர்களை மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

முதல் படி: உங்கள் வேலை போய்ச் சேரும் இடத்தில் நில்லுங்கள்

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் டாய்ச்சி ஓனோ. தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இன்ஜினியரை நிறுத்தி, நடப்பதைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பார்த்துக்கொண்டே நின்றால்தான் எங்கே வேலை தேங்குகிறது என்பது கண்ணில் படும் என்பது அவர் எண்ணம்.

நீங்கள் வட்டமெல்லாம் போட வேண்டாம். உங்கள் ஆர்டர் ஷீட் எந்த மேசைக்குப் போகிறதோ அங்கே ஒரு மணி நேரம் நின்றால் போதும். கட்டிங் டேபிள் நல்ல இடம். ஒரே ஆர்டரில் நேவி, டார்க் நேவி என்று இரண்டு கலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி ரோல்கள் வந்து இறங்கிவிட்டன. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஷீட்டில் கலரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் ஆபீஸுக்குப் பையனை அனுப்புகிறார். மெர்ச்சண்டைசர் பையரோடு போனில் இருக்கிறார், பையன் கதவருகே நிற்கிறான். அந்த நேரம் முழுக்க டேபிளைச் சுற்றி நாலு பேர் கை கட்டி நிற்கிறார்கள். மாஸ்டர் பொறுமை இழந்து ஒரு யூகத்தில் வெட்டிவிட்டால் கதை இன்னும் மோசம். நேவி உடலில் டார்க் நேவி கை ஏறி, செக்கிங்கில்தான் அது வெளிச்சத்துக்கு வரும்.

இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. அப்ரூவ் ஆன துணியில் இரண்டு அங்குலத் துண்டை, ஒவ்வொரு கலருக்கு எதிரிலும் ஷீட்டிலேயே ஸ்டேப்ளர் அடித்து அனுப்புங்கள். உங்களுக்குப் பத்து நிமிட வேலை. நல்ல கம்பெனிகளில் இது ஏற்கெனவே நடைமுறை. உங்கள் இடத்தில் இல்லையென்றால் தொடங்கிவைக்கும் ஆள் நீங்களாக இருக்கலாம்.

போய் நிற்கும்போது கேட்கும் கேள்வியில் கவனம் வேண்டும். "ஏதாவது பிரச்சனை இருக்கா மாஸ்டர்?" என்றால் "ஒண்ணுமில்லைங்க தம்பி" என்றுதான் பதில் வரும். புதுப் பையனிடம் யாரும் குறையைக் கொட்ட மாட்டார்கள். "போன வாரம் எங்க ஆபீஸால உங்க டேபிள் எப்ப நின்னுச்சுங்க மாஸ்டர்?" என்று கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பதில் வரும். கட்டிங்கில் ஒரு நாள், டையிங்கில் ஒரு நாள், பேக்கிங்கில் ஒரு நாள் என்று முதல் மாதத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது. வருடம் ஏற ஏற, கேள்வி கேட்பதற்குக் கூச்சம் வந்துவிடும்.

இரண்டாம் படி: "இது எதுக்கு?" என்று கேளுங்கள்

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தவர் லாரன்ஸ் மைல்ஸ். போரினால் பல பொருட்களுக்குத் தட்டுப்பாடு. கேட்ட பொருள் கிடைக்காது. அதனால் அவர் கேள்வியை மாற்றினார்: அந்தப் பொருள் என்ன வேலையைச் செய்கிறது, அதே வேலையை வேறு எது செய்யும்? இப்படித் தேடிய மாற்றுப் பொருள் பல சமயம் விலை குறைவாகவும், வேலையில் பழையதற்குக் குறையாததாகவும் இருந்தது. போர் முடிந்த பிறகும் அவர் அந்தக் கேள்வியை விடவில்லை. இன்று உலகமெங்கும் வேல்யூ இன்ஜினியரிங் என்று படிப்பதெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான்.

உங்கள் மேசையில் முதலில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டியது, வாராந்திர ஆர்டர் ஸ்டேட்டஸ் எக்செல் ஷீட். பதினைந்து பதினாறு நெடுவரிசை இருக்கும். சனிக்கிழமை பாதி நாள் அதை நிரப்புவதிலேயே போகும். அதை வாங்குகிறவர்களிடம் போய், எந்த நெடுவரிசையைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஷிப்மெண்ட் தேதி, துணி எவ்வளவு வந்திருக்கிறது, எந்த ஆர்டர் லேட் என்ற மூன்றில் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த மூன்றை மேலே கொண்டுவந்து, லேட் ஆர்டரைச் சிவப்பில் காட்டி, மீதியை எடுத்துவிட அனுமதி கேளுங்கள்.

பேக்கிங் இன்னொரு இடம். எப்போதோ ஒரு பையர் ஏழு ப்ளை (அடுக்கு) அட்டைப்பெட்டி கேட்டிருப்பார். அன்றிலிருந்து எல்லா ஆர்டருக்கும் ஏழு ப்ளைதான் வாங்கிக்கொண்டிருப்பார்கள். இப்போதைய பையரின் பேக்கிங் மேனுவலில் ஐந்து ப்ளை என்று தெளிவாக எழுதியிருக்கும். அதைத் திறந்து படித்தவர்தான் இருக்க மாட்டார். மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கும் மெர்ச்சண்டைசர் மிகக் குறைவு. நீங்கள் படியுங்கள். இதைவிட லாபமான படிப்பு இந்த ஊரில் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: ரூபாயில் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

"நான் நல்லா வேலை செய்யறேன்" என்பதை எந்த முதலாளியாலும் எடைபோட முடியாது. "இந்த ஆர்டரில் 74 கிலோ துணி மிச்சம்" என்றால் உடனே நிமிர்ந்து உட்காருவார். உடை ஒன்றின் விலையில் மிகப் பெரிய பங்கு துணிக்குத்தான் போகிறது. அதனால் துணிக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி ஆகும் என்பதற்கு எல்லோரும் போடும் கணக்கு இது. உடல் நீளம், கை நீளம், அலவன்ஸ் (தையல், மடிப்பு போன்றவற்றுக்காகக் கூடுதலாக விடும் அளவு) மூன்றையும் கூட்டுங்கள். அரை மார்பளவோடு அதற்கான அலவன்ஸைக் கூட்டுங்கள். இரண்டையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் கிராம் கிடைக்கும்.

நீளம் 72 செ.மீ., கை 22, அலவன்ஸ் 10 என்றால் கூட்டு 104. அரை மார்பு 54, அலவன்ஸ் 4 என்றால் 58. துணி 160 ஜிஎஸ்எம். 104 × 58 × 2 × 160 ÷ 10,000 = 193 கிராம். வேஸ்டேஜ் இதற்கு மேல் தனி.

இப்போது பேட்டர்ன் மாஸ்டரிடம் போய், அந்த 10 செ.மீ. எதற்கெல்லாம் விடுகிறார் என்று கேளுங்கள். தையல், கீழ் மடிப்பு, கை மடிப்பு, சுருக்கம் என்று பிரித்துச் சொல்வார். சுருக்கத்துக்கு அவர் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தால் அதற்கும் காரணம் இருக்கும். முன்பு ஒரு லாட் துணி சரியாகக் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி முன்கூட்டியே அமுக்கிச் சுருக்குவது) ஆகாமல் வந்து, துவைத்தபின் அளவு குறைந்து, பேச்சு வாங்கியிருப்பார். அந்தத் துணியின் கடந்த சில லாட்களுடைய சுருக்க டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். எல்லாமே பையர் சொன்ன வரம்புக்குள் சீராக இருந்தால், "ரெண்டு சென்டிமீட்டர் குறைக்கலாமுங்களா மாஸ்டர்?" என்று கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. குறைத்தால் 102 × 58 × 2 × 160 ÷ 10,000 = 189.3 கிராம். ஒரு பீஸுக்கு 3.7 கிராம்தான் வித்தியாசம். 20,000 பீஸுக்கு 74 கிலோ. சாயமிட்ட துணி கிலோ 450 ரூபாய் என்று வைத்தால் 33,300 ரூபாய்.

ரிப்போர்ட் சீராக இல்லையென்றால் இதைத் தொடவே கூடாது. 33,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஆர்டர் முழுக்க அளவு குறைந்து நின்றால், நஷ்டம் பல லட்சத்தில் போகும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது டையிங்கையும் காம்பாக்டிங்கையும்: சுருக்கம் ஏன் லாட்டுக்கு லாட் மாறுகிறது? அங்கே கிடைக்கும் பதிலுக்கு இந்த 33,000-ஐவிட மதிப்பு அதிகம்.

இதே மாதிரி உங்கள் வேலையைச் சுற்றி இருக்கும் ஐந்தாறு எண்களைப் பாக்கெட் நோட்டில் வைத்திருங்கள். ஒரு தையல் லைன் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் எவ்வளவு, சாம்பிள் பார்சல் ஒன்றுக்குக் கூரியர் எவ்வளவு, ஒரு கிலோ சரக்கு விமானத்தில் போனால் எவ்வளவு, கப்பலில் போனால் எவ்வளவு. அக்கவுண்ட்ஸில் நட்பாகக் கேட்டால் சொல்வார்கள்.

நான்காம் படி: காத்திருப்பைத் தேடுங்கள்

ஓனோ பட்டியலிட்ட ஏழு வகை வீண்களில் காத்திருப்பும் ஒன்று. நம் தொழிலில் அதுதான் பெரியது என்பேன். ஒரு டி-ஷர்ட்டைத் தைக்க ஆவது சில நிமிடம். ஆர்டர் எடுத்துக் கப்பல் ஏற்ற ஆவது மாதக்கணக்கு. நடுவில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் நாட்கள்.

லேப் டிப்பை, அதாவது பையர் கலரை அப்ரூவ் செய்வதற்காகச் சின்னத் துணியில் சாயமிட்டுக் காட்டும் மாதிரியை, எடுத்துக்கொள்வோம். டையிங்கில் கலருக்கு மூன்று ஆப்ஷன் போட்டுத் தருகிறார்கள். நீங்கள் அப்படியே கூரியரில் அனுப்புகிறீர்கள். ஒரு வாரம் கழித்து "ரிஜெக்ட், சிவப்பு அடிக்கிறது" என்று பதில். மறுபடி டிப், மறுபடி கூரியர், மறுபடி ஒரு வாரம். பல சமயம் காரணம் வெளிச்சம். டையிங்கில் பகல் வெளிச்சத்துக்கு இணையான டி65 விளக்கில் பொருந்திய கலர், கடை விளக்கான டிஎல்84-இல் வேறாகத் தெரியும். பையர் எந்த விளக்கில் பார்ப்பார் என்று அவருடைய மேனுவலிலேயே இருக்கும். அனுப்பும் முன் அதே இரண்டு விளக்கிலும் லைட் பாக்ஸில் நீங்களே வைத்துப் பாருங்கள். பொருந்தாததை இங்கேயே திருப்பி அனுப்புங்கள். ஒரு ரவுண்டு குறைந்தால் ஒரு வாரம் உங்கள் கையில் வந்துவிடும்.

அந்த ஒரு வாரத்தின் மதிப்பு கடைசியில்தான் தெரியும். திருப்பூர்ச் சரக்கில் பெரும்பகுதி தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகிறது. தேதி தவறி, தவறு நம் பக்கம் என்றால், நம் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார் பையர். பேக்கிங்கோடு பீஸ் 250 கிராம் என்றால் 20,000 பீஸ் 5,000 கிலோ. விமான வாடகை ஏறி இறங்கும். கணக்குக்குக் கிலோ 250 ரூபாய் என்றால் 12.5 லட்சம். பீஸ் 300 ரூபாய் விலையில் ஆர்டரின் மொத்த மதிப்பு 60 லட்சம், அதில் 8 சதவீதம் லாபம் என்றால் 4.8 லட்சம். லாபத்தைப்போல இரண்டரை மடங்கு வானத்தில் போகிறது. லைட் பாக்ஸ் முன்னால் நிற்கும் கால் மணி நேரத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டரில் (ஆர்டரின் ஒவ்வொரு வேலையும் எந்தத் தேதிக்குள் என்று குறித்த அட்டவணை) ஒவ்வொரு வரிக்கும் எதிரில் "இப்போது யார் பதிலுக்காக நிற்கிறது?" என்று ஒரு பெயரை எழுதுங்கள். துறையின் பெயர் வேண்டாம், ஆளின் பெயர். உங்கள் பெயர் எத்தனை முறை வருகிறது என்று முதலில் பார்த்து, அதைத் தீர்த்துவிட்டு மற்றவர்களுக்குப் போன் போடுங்கள்.

ஐந்தாம் படி: கெட்ட செய்தியை முதல் நாளே சொல்லுங்கள்

டொயோட்டாவில் லைனில் நிற்கும் தொழிலாளி, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் உடனே வருவார். அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். தப்பு மேலே மேலே சேர்ந்துகொண்டு போகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நம் ஊரில் அந்தக் கயிறு இல்லை. சொன்னவனுக்கே திட்டு விழும் என்ற பயம்தான் இருக்கிறது. அதனால் செய்தி அமுங்கிக் கிடந்து, இன்ஸ்பெக்‌ஷன் அன்று வெடிக்கிறது. ஏக்யூஎல் (லாட்டில் எவ்வளவு குறைவரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) 2.5, லெவல் 2 என்றால், 20,000 பீஸ் லாட்டில் 315 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 14 பெரிய குறைவரை பாஸ். 15 வந்தால் முழு லாட்டும் ஃபெயில். கழுத்து ரிப்பில் தையல் ஏறி இறங்குவது இரண்டாம் நாளே லைன் செக்கரின் கண்ணில் பட்டிருக்கும். அன்று அது சில நூறு பீஸில் முடிந்திருக்கும்.

சொல்லும் விதத்தில் பாதி வெற்றி இருக்கிறது. "சார், ரிப் பிராப்ளம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் கவலை உங்கள் தோளிலிருந்து அவர் தோளுக்கு மாறியது, அவ்வளவுதான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"சார், மூணாவது லைன்ல கழுத்து ரிப் சுருங்கி வருது. இன்னைக்குக் காலைல 60 பீஸ் பாத்ததுல 7 பீஸ். தச்சது இதுவரைக்கும் 400 இருக்கும். சூப்பர்வைசர் அண்ணன் மெஷின் செட்டிங்னு சொல்றாங்க, மெக்கானிக் பாத்துட்டு இருக்காங்க. நாலாவது லைன்ல இந்தக் குறை இல்லை. மதியத்துக்குள்ள சரியாகலைன்னா மூணாவது லைனை அடுத்த ஸ்டைலுக்கு மாத்திடலாமானு கேக்கறேங்க. 400 பீஸையும் தனியா எடுத்து வெக்கச் சொல்லிட்டேன்."

என்ன, எவ்வளவு, ஏன், என்ன செய்திருக்கிறோம், அவர் என்ன முடிவெடுக்க வேண்டும், எல்லாம் இதில் இருக்கிறது. மேனேஜர் "சரி" என்ற ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். உங்கள் செய்திகளுக்கு ஒரு சொல்லில் பதில் வரத் தொடங்கினால் சரியான பாதையில் போகிறீர்கள்.

ஆறாம் படி: ஒரே ஒரு ஆர்டரில் முயன்று பாருங்கள்

நல்ல யோசனை தோன்றியதும் கம்பெனி முழுக்க மாற்றிவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். இருபது வருடம் வெட்டியவரிடம் போய் முறையை மாற்றச் சொன்னால் அது அவர் வேலையைக் குறை சொல்வதாகத்தான் அவர் காதில் விழும். "இந்த ஒரு ஆர்டர்ல மட்டும் பாத்துக்கலாமுங்களா மாஸ்டர், சரிப்படலைன்னா விட்டுடலாம்" என்றால் யாரும் மறுப்பதில்லை. அப்புறம், பலன் கிடைத்ததும் முதலாளியிடம் மாஸ்டரின் பெயரைச் சொல்லுங்கள். உண்மையில் துணியை மிச்சம் பிடித்தது அவர் கைதான். அடுத்த முறை அவரே உங்களைத் தேடி வருவார்.

ஏழாம் படி: யார் தலையில் செலவு விழுகிறது என்று பாருங்கள்

இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செலவைக் குறைப்பது வேறு, செலவை அடுத்தவர் தலையில் தள்ளுவது வேறு. கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டின் ரேட்டை அடித்துக் குறைப்பது, அவர்களுக்குத் தர வேண்டிய பணத்தைத் தள்ளிப்போடுவது, பையர் கேட்ட 160 ஜிஎஸ்எம்முக்கு 150-இல் துணி ஓட்டுவது, டார்கெட் ஏற்றித் தையல் பெண்களைத் தண்ணீர் குடிக்கக்கூட விடாமல் உட்காரவைப்பது ஆகிய எல்லாமே ஷீட்டில் சேமிப்பாகத் தெரியும். ஒரு மதிப்பும் அங்கே உருவாகவில்லை.

இந்த ஊருக்கு அது நன்றாகவே தெரியும். சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவைப் பல காலம் நொய்யல் ஆறு சுமந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் விவசாயத்துக்கு ஆகாமல் போனது, கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. வருடக்கணக்கில் மிச்சம் பிடித்ததாக நினைத்த செலவு, வேலையிழப்பாகவும் கைநழுவிய ஆர்டராகவும் ஒரே மூச்சில் திரும்பி வந்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத முறைக்கு மாறிய பிறகுதான் தொழில் நிமிர்ந்தது. இன்று பையர்களிடம் நாம் பெருமையாகக் காட்டுவதும் அதே சுத்திகரிப்பு நிலையங்களைத்தான்.

ஆகவே ஒவ்வொரு யோசனைக்கும் கீழே, இதனால் யாருக்குச் சுமை கூடுகிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அங்கே ஒரு பெயர் வந்தால் யோசனையைத் திருத்துங்கள்.

எட்டாம் படி: எழுதி வையுங்கள், பிறகு கேளுங்கள்

ஆர்டர் நம்பர், என்ன மாறியது, யாரெல்லாம் கூட இருந்தார்கள், எத்தனை கிலோ, எத்தனை நாள், எவ்வளவு ரூபாய். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாதக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி எழுதுங்கள். மூன்று மாதம் கழிந்தால் நமக்கே நினைவிருக்காது, மேனேஜருக்கு எப்படி இருக்கும்?

சம்பள உயர்வு பேசும்போது அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போங்கள். பணத்தோடு பொறுப்பையும் கேளுங்கள். "அடுத்த சீசன் காஸ்ட்டிங்ல நானும் உக்காரணும் சார்" என்று கேட்பது தவறே இல்லை. விலை போடும் மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் தொழிலின் முழு உருவமும் தெரிய வருகிறது.

எல்லா இடத்திலும் இது பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகச் செய்பவர் தலையிலேயே மேலும் மேலும் வேலையை ஏற்றி, சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காத கம்பெனிகள் உண்டு. மதிப்பை உருவாக்குவது என்றால் இரவு பத்து மணிவரை உட்காருவது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளும் மேனேஜர்களும் உண்டு. இரண்டு சம்பள உயர்வுக் காலம் தாண்டியும் நோட்டைப் பார்த்துப் பேச யாரும் தயாராக இல்லையென்றால், வேறு இடம் பார்க்கத் தயங்க வேண்டாம். போகும்போது பையரின் டெக் பேக் (உடையின் அளவு, வடிவமைப்பு விவரங்கள்), விலைப் பட்டியல், சப்ளையர் ரேட் எதையும் பென் டிரைவில் ஏற்றாதீர்கள். அவை கம்பெனியின் சொத்து. புது இடத்து இன்டர்வியூவில் பழைய கம்பெனி, பையர் பெயர்களையும் சொல்லத் தேவையில்லை. துணி அலவன்ஸை எப்படி ஆராய்ந்தீர்கள், லேப் டிப்பில் ஒரு ரவுண்டை எப்படிக் குறைத்தீர்கள் என்று ஒரு பேப்பரை வாங்கிக் கணக்கைப் போட்டே காட்டுங்கள்.